பிரிஞ்சா எங்க?

குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடை வரை வந்துவிடுகிறது. இரண்டாம் வகுப்பு அறையில் அன்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் மடங்கி உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமை காலை, பெற்றோர் கூட்டம். சுண்ணாம்புத் தூள் வாசனையோடு யாரோ தலையில் வைத்திருந்த மல்லிகையும், மூலையில் மறந்துபோன டிபன் பாக்ஸில் இருந்து புளிசாதமும் சேர்ந்து மணத்தது.

கையெழுத்து, வாய்ப்பாடு, நகம் வெட்டாத பிள்ளைகள் என்று பேசி முடித்து மாலதி மிஸ் மூச்சு விட்டபோது, முன் பெஞ்சில் இருந்த நித்தின் அம்மா எழுந்தார்.

“மிஸ், ஒரு விஷயம். இந்த கிளாஸ்ல ஏதோ ஒரு பொண்ணு எல்லாப் பசங்களுக்கும் ஒண்ணு சொல்லிக் குடுத்து வச்சிருக்கு. எங்க மாமனாருக்குக் கண் ஆபரேஷன். நல்ல நேரம் பாத்து வாசப்படி தாண்டறாரு. இவன் பின்னாடி நின்னுக்கிட்டு கேக்கறான், ‘தாத்தா, பிரிஞ்சா எங்க?’ன்னு. அவரு செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து ஒக்காந்துட்டாரு. இன்னைக்கு வரைக்கும் ஆபரேஷனுக்குப் போகல.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். நித்தின் அம்மா சிரிக்கவில்லை.

“எங்க வீட்லயும் கேக்குதுங்க,” என்றார் இன்னொருவர். “பால் வாங்கப் போனாக்கூட. ஒரு எடத்தச் சொன்னா விடுதா? ‘அது இல்லாட்டி?’ன்னு அடுத்தது.”

“யாரு ஆரம்பிச்சதுன்னு நானும் கேட்டுட்டேன். ஒண்ணு கூட வாயத் தொறக்க மாட்டேங்குது,” என்றார் மாலதி மிஸ்.

“எங்க பையன் சொல்லிட்டான். கயலாம்,” என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

கயல் என் மகள்.

நான் கையைத் தூக்கினேன், பாடம் படிக்காமல் வந்த பிள்ளையைப் போல. எல்லா முகங்களும் திரும்பின. மாலதி மிஸ் நல்லவர். எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். “ஏதாவது கேமா கயல் அம்மா? டிவில கிவில பாத்துதா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்தச் சொல் என் நாக்கு வரை வந்தது. அது ஏன் அங்கேயே நின்றது என்று சொல்ல, நான் இரண்டு வாசல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வாசல்கள்

நான் பிறந்தது திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூர் பக்கம். எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. அப்பா சைக்கிளை வெளியே எடுக்கும்போது நான் தெரியாமல் “எங்கப்பா?” என்று கேட்டுவிட்டால், அவர் சைக்கிளை நிறுத்தி, உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்புவார். போகிறேன் என்றுகூட யாரும் சொல்வதில்லை. வரேன் என்றுதான் சொல்வார்கள். எங்கே, எப்போது, யாரோடு என்பதெல்லாம் திரும்பி வந்த பிறகு தானாகத் தெரிந்தால் போதும்.

நான் கல்யாணம் செய்துகொண்டு போன வீட்டில் நேர்மாறு. நேசனும் நானும் ஒரே கல்லூரியில் படித்தோம். அவர் கணக்கு, நான் வேதியியல். நாங்கள் காதலித்தோம் என்பதை விட, அவர் முகாம் பிள்ளை என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய செய்தி. கிரிவலப் பாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் அவருடைய அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அவர் விடலைப் பையனாக இருக்கும்போது வன்னியிலிருந்து படகில் வந்தவர்கள்.

கல்யாணமான புதிதில் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினேன். கடை நான்கு வீடு தள்ளி இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து வானொலியைத் துடைத்துக்கொண்டிருந்த மாமனார் தலை நிமிராமல் கேட்டார்.

“பிள்ளை, பிரிஞ்சா எங்க?”

எனக்குப் புரியவில்லை. நேசன் உள்ளிருந்து குரல் கொடுத்தார். “தண்ணி டேங்கடி எண்டு சொல்லு.”

“தண்ணி டேங்கடி, மாமா.”

“அது இல்லாட்டி?”

“வாசகசாலை எண்டு சொல்லு.”

“வாசகசாலை, மாமா.”

“போட்டு வா.”

அந்த வீட்டில் கிளம்புகிற எல்லோரும் இரண்டு இடம் சொல்லாமல் படி இறங்க முடியாது. கூட்டம் அதிகமானாலும் சரி, பேருந்து நின்றுபோனாலும் சரி, ஊரே ஓட வேண்டி வந்தாலும் சரி, நாம் பிரிந்துவிட்டால் எங்கே வந்து சேர வேண்டும் என்பதற்கு முதல் இடம். அந்த இடமே இல்லாமல் போனால் எங்கே என்பதற்கு இரண்டாவது.

இது ஒரு வீட்டின் வழக்கம் மட்டும் இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் இந்தக் கேள்வி இருந்தது. முகாமிலேயே பிறந்து, வெடிச்சத்தம் என்றால் தீபாவளி மட்டுமே தெரிந்த பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது இதைக் கேட்டுக்கொண்டுதான் கலைவார்கள். எங்கள் கல்யாணத்தன்று மணவறையை விட்டு இறங்கும்போது நேசனின் கூட்டாளி ஒருவர் சத்தமாகக் கேட்டார், “மாப்பிள்ளை, பிரிஞ்சா எங்க?” நேசன் யோசிக்காமல், “குசினி!” என்றார், சமையலறையைத்தான். “அது இல்லாட்டி?” “பஸ் ஸ்டாண்ட் புரோட்டாக் கடை!” கூடாரமே சிரித்தது. என் பக்கத்து ஆட்கள் நான்கைந்து பேர்தான் வந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தாலி ஏறின கையோடு பிரிவைப் பற்றிப் பேசுகிறார்களே!

இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பள்ளிக்கூடத்துக் கிணறு

இரண்டாவது இடம் எதற்கு என்று நேசனிடம் கேட்க எனக்குப் பல மாதம் ஆயிற்று. அவர் லாட்ஜ்களில் ஏ.சி. பழுது பார்க்கும் வேலை செய்கிறார். ஒரு ஞாயிறு பகலில் வாசல் குழாயடியில் உட்கார்ந்து ஒரு வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஊரில் சண்டை நெருங்க நெருங்க, ஒவ்வொரு இடமாக மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு தார்ப்பாய், ஒரு சைக்கிள், கொஞ்சம் அரிசி. கிளம்பும்போதெல்லாம் மாமா ஓர் இடம் சொல்வார். அப்போது ஓர் இடம்தான். கோயில் கேணி, சந்திக் கடை, வைரவர் மரம். எறிகணை விழுந்து ஆளுக்கொரு பக்கம் ஓடினாலும், அங்கே வந்து ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். பல தடவை அப்படிச் சேர்ந்திருக்கிறார்கள்.

கடைசித் தடவை மாமா சொன்ன இடம் பள்ளிக்கூடத்துக் கிணறு. நேசனின் அண்ணன் சீலன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். நடுவில் சிதறினார்கள். மாமாவும் மாமியும் நேசனும் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் இல்லை. கூரை இல்லை, சுவர் பாதி, கிணறு இருந்த இடத்தில் கற்குவியல். நிற்காதேங்கோ, நிற்காதேங்கோ என்று கத்திக்கொண்டு ஜனம் ஓடியது. மாமா நின்றார். நாலு பேர் சேர்ந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“அதுக்குப் பிறகு அண்ணனைக் காணேல்ல,” என்றார் நேசன். “செத்தவனோ, பிடிபட்டவனோ, ஒண்டும் தெரியாது. அப்பாவுக்கு அது கூடப் பெரிசில்ல. அவன் அங்க வந்து பாத்திருப்பான், நாங்க இல்ல எண்டு நினைச்சிருப்பான், அதுதான்.”

வடிகட்டியைத் திருப்பிப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். தூசி கறுப்பாக ஓடியது.

பிறகு படகேறி இந்தக் கரையில் இறங்கிய அன்று, தண்ணீர் பிடிக்கப் போன நேசனை மாமா நிறுத்தியிருக்கிறார். வழக்கம் போல ஓர் இடம் சொல்லியிருக்கிறார் நேசன். அப்போதுதான் முதல் முறையாக மாமாவின் வாயிலிருந்து அது வந்திருக்கிறது. அது இல்லாட்டி?

பக்கத்தில் நின்ற வேறு குடும்பங்களும் அதைக் கேட்டிருக்கின்றன. யாரும் விளக்கம் கேட்கவில்லையாம். மறுநாளிலிருந்து அவர்களும் பிள்ளைகளிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

அன்றிலிருந்து நானும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தொடங்கினேன். கயல் பிறந்து பேச ஆரம்பித்தபோது அவளுக்கு அம்மா, அப்பா, நிலா, நாய்க்குட்டி எல்லாம் வந்த கையோடு இதுவும் வந்தது. கிரிவலம் போனால் நாங்கள் அக்னி லிங்கம், அடுத்தது எமலிங்கம் என்று சொல்லிக்கொண்டு நடந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

எலுமிச்சம்பழம்

மாமி காலமாகி, கயலுக்குப் பள்ளி வயது வந்தபோது, டவுனுக்குள் வாடகை வீடு பார்த்து வந்தோம். மாமா பெரும்பாலும் எங்களோடு இருப்பார். கணக்கெடுக்கும் நாட்களில் முகாமுக்குப் போய்வருவார்.

பள்ளியில் சேர்த்த அன்று கயலிடம் ஒன்று சொல்லி அனுப்பினேன். அப்பா ஊர் எது என்று யாராவது கேட்டால் திருவண்ணாமலை என்று சொல்ல வேண்டும். முகாம் பற்றிப் பேசக் கூடாது.

“பொய்யாம்மா?”

“பொய் இல்லடா. அப்பா இப்ப இங்கதான இருக்காங்க.”

அகதி என்ற சொல்லை ஒரு பிள்ளை எங்கிருந்தாவது பொறுக்கிக்கொண்டு வந்து என் பிள்ளை மேல் எறிந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம். சரியா என்று இன்றைக்கும் தெரியாது. கயல் அதற்கு மேல் கேள்வி கேட்காமல் தலையாட்டினாள். அது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் புது வேன் எடுத்தான். மல்லாட்டை மூட்டை ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோக லோடு வண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கல்யாணத்துக்கு வராத அண்ணன், கயல் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, முதல் பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தான். வண்டிக்குச் சந்தனம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முதல் ஓட்டம் பெரிய கோயிலுக்கு. பின்னால் ஜமக்காளம் விரித்து எல்லோரும் ஏறிக்கொண்டோம். அண்ணி கற்பூரம் ஏற்றினார். அண்ணன் சாவியைத் திருப்பினான்.

என்ஜின் சத்தத்துக்கு மேலே கயலின் குரல் கேட்டது. “மாமா! பிரிஞ்சா எங்க?”

அண்ணி கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார்.

“இன்னாடி ரேவதி பேசுது உன் புள்ள? வண்டி கெளம்பற நேரத்துல!” என்றார் என்னிடம்.

“கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்ல மாமா, அதான்,” என்றாள் கயல். பயமே இல்லை. அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டே, குழந்தை முகத்துக்காக ஒரு பதில் சொன்னான். “ராஜகோபுரம். போதுமா? வாய மூடிக்கினு வா.”

“அது இல்லாட்டி?”

அண்ணன் வண்டியை அணைத்துவிட்டான்.

“ராஜகோபுரம் எங்கடி போவும்? அண்ணாமலையார் கோபுரம் இல்லாம போவுமா? என்னா வார்த்தை இது? யாரு கத்துக் குடுக்கறது இதெல்லாம்?”

கடைசிக் கேள்வி கயலுக்கு இல்லை, எதிரில் உட்கார்ந்திருந்த நேசனுக்கு. நேசன் ஜமக்காளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கயலின் வாயைக் கையால் மூடினேன்.

அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. யாரும் தொலையவும் இல்லை, வண்டிக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நேசனிடம் சொன்னேன், இதைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா என்று. குழந்தை பயந்த சுபாவமாக வளர்ந்துவிடும் என்றேன். எனக்குத்தான் பயம் என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை. “சரி, அப்பாட்ட நான் கதைக்கிறன்,” என்றார்.

மாமா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அன்று முதல் கேட்கவும் இல்லை. அதற்குப் பதிலாக, நாங்கள் யார் வெளியே போனாலும் அவர் எழுந்து வந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் திரும்பி வரும்வரை நின்றார். வெயிலிலும் நின்றார். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம், “உங்க மாமனாரு யாருக்குங்க வெயிட் பண்றாரு?” என்று கேட்டார். கறிகாய்ப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

மதிலுக்குள் இருந்த படைகள்

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு அண்ணன் போன் செய்தான். “என்னப் பத்தி எப்ப எழுதப் போற?” என்றான். இந்த வாரம் எழுதுகிறேன் என்று சொன்னபோது வேன் கதை என்று அவனுக்குத் தெரியாது. எனவே அவனுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எங்கள் பெரிய கோயில் ஒரு காலத்தில் கோட்டையாக இருந்தது. நவாப் காலத்துச் சண்டைகளில் அந்த மதில்களுக்குள் படைகள் தங்கியிருக்கின்றன, வெளியிலிருந்து வேறு படைகள் முற்றுகையிட்டிருக்கின்றன. படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆற்காட்டுச் சீமை முழுக்கக் குதிரைகள் மிதித்துப்போன நாட்கள் அவை. எங்கள் முன்னோர்களும் ஓடியிருப்பார்கள், ஒளிந்திருப்பார்கள், பிள்ளையைத் தொலைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் பற்றி ஒரு கதை கூடத் தெரியாது. ஜாஸ்தி, கம்மி என்று சில சொற்கள்தான் அந்த ஆட்சியிலிருந்து எங்கள் வாயில் தங்கியிருக்கின்றன.

கேட்டைப் பிடித்துக்கொண்டு மாமா நின்ற நாட்களில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது என்ற எங்கள் வழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்? யார் எங்கே போகிறார்கள், தானியம் எங்கே புதைந்திருக்கிறது, பெண்பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியே சொன்னால் உயிர் போகும் என்ற ஒரு காலம் இருந்திருக்குமோ? அப்போது தெருவில் நின்று எங்கே என்று கேட்பவன் விரோதியாகத்தானே இருந்திருப்பான்? சண்டை மறந்துபோய், பயம் மட்டும் சகுனமாக மிஞ்சிவிட்டதோ?

இது என் ஊகம்தான். ஆதாரம் எதுவும் இல்லை. வேதியியல் படித்தவள் இப்படி எழுதலாமா என்றும் தெரியவில்லை. அண்ணனிடம் சொன்னபோது, “உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை வேணும்,” என்றான்.

ஆனாலும் அந்த யோசனை என்னை விடவில்லை. என் அப்பா வீட்டில் சொல்லாமல் இருந்து பிழைத்திருக்கிறார்கள். என் மாமனார் வீட்டில் சொல்லி வைத்துப் பிழைக்கப் பார்த்திருக்கிறார்கள். இரண்டுமே பிள்ளைகளைக் காப்பாற்றத்தான். எங்களுடையது ஏன் என்று எங்களுக்கே மறந்துவிட்டது. அவர்களுடையது ஏன் என்று சொல்ல இன்னும் ஒருவர் கேட்டடியில் நின்றுகொண்டிருக்கிறார். அவரைத்தான் நான் வாயை மூட வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த பிறகும் நான் சும்மா இருந்தேன். கயல் சும்மா இருக்கவில்லை. வீட்டில் நின்றுபோனதை அவள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பது, நித்தின் அம்மா எழுந்து நின்ற அந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

ரெண்டாவது எடம்

“கேமா கயல் அம்மா?” என்று மாலதி மிஸ் மறுபடி கேட்டார்.

“இல்ல மிஸ்.” என் குரல் எனக்கே மெலிதாகக் கேட்டது. பெஞ்சிலிருந்து எழ முயன்றேன், முழங்கால் மேசையில் இடித்தது. “கேம் இல்ல. எங்க வீட்டு வழக்கம்.”

நித்தின் அம்மா கைகளைக் கட்டிக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரரு குடும்பம் இலங்கைலேர்ந்து வந்தவங்க. வன்னி. முகாம்லதான் இருந்தாங்க. எங்க மாமனாருக்கு இன்னும் அங்க பதிவு இருக்கு.”

சொல்லிவிட்டேன். அந்த அறையில் எதுவும் இடிந்து விழவில்லை. பிறகு எனக்குப் பேச்சு வந்துவிட்டது. கோயில் கேணி, சந்திக் கடை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த சீலன், இல்லாமல் போன பள்ளிக்கூடம், எல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடம் என்று சொல்லும்போது சுவரில் தொங்கிய மாம்பழப் படத்தைப் பார்த்துக்கொண்டேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“அதனாலதான் ரெண்டு எடம் கேப்பாங்க. யாரையும் பயமுறுத்தறதுக்கு இல்லங்க. எப்படியும் திரும்ப ஒண்ணு சேந்துடணும்னுதான். கயல் தப்பா எதுவும் சொல்லிக் குடுக்கல.”

கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்கிறேன்.

“பாவந்தாங்க,” என்றார் நித்தின் அம்மா. “நான் இல்லன்னு சொல்லல. ஆனா எங்க மாமனாரு ஆபரேஷனுக்குப் போகணுமே!”

“நான் வேணா வந்து அவருகிட்ட எடுத்துச் சொல்றேங்க.”

“ஐயோ, வேணாங்க. நீங்க இந்தக் கதையச் சொன்னா கட்டில விட்டே எறங்க மாட்டாரு.”

இம்முறை நித்தின் அம்மாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஜன்னலோரத்தில் இருந்த ஷாஹின், தையல்கடைக்காரரின் தங்கை, பேசினார். “எங்க வீட்ல பையன் கேட்டான், நாங்க பதில் சொல்லிட்டோங்க. பிரிஞ்சா அவங்க மாமு கடை. அது இல்லாட்டி மசூதி வாசல். போன பௌர்ணமிக்கு ஜனம் நெருக்கித் தள்ளிச்சு பாருங்க, எனக்கு அன்னைக்கு மனசுல ஒரு தைரியம் இருந்துச்சு. எங்கேர்ந்து புடிச்சான்னு தெரியாம இருந்தேன்.” என்னைப் பார்த்து, “உங்க மாமனாருகிட்ட சொல்லுங்க,” என்றார்.

“எனக்கு ஒண்ணு இப்பதான் புரியுது,” என்றார் மாலதி மிஸ். “போன வாரம் பெல் தப்பா அடிச்சுடுச்சு. பசங்க திபுதிபுன்னு ஓடிட்டாங்க. கிளாஸ்ல ஒருத்தரும் இல்ல. நான் பாத்ரூம், கிரவுண்டு, கேட்டு எல்லாம் தேடறேன். போய்ப் பாத்தா தண்ணித் தொட்டிகிட்ட மொத்த கிளாசும் வரிசையா நிக்குது. ‘யாருடி இங்க நிக்கச் சொன்னது?’ன்னா, ‘இதான் மிஸ் நம்ம எடம்’னு சொல்லுதுங்க. ‘நீங்கதான் மிஸ் லேட்டு’ன்னு என்னையே சொல்லுது ஒண்ணு.”

“ரெண்டாவது எடம் எது மிஸ்?” என்று யாரோ கேட்டார்கள்.

“வாட்ச்மேன் ரூமாம். வாட்ச்மேனுக்கே தெரியாது.”

நித்தின் அம்மா யோசித்தார். ஓர் உடன்பாட்டுக்கு வருகிறவரைப் போல விரலை நீட்டிச் சொன்னார். “சரி. கடை கண்ணிக்குப் போறப்ப கேக்கட்டும், கோயிலுக்குப் போறப்ப கேக்கட்டும். நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப மட்டும் முந்தின நாளே கேட்டு வச்சுக்கச் சொல்லுங்க. வாசப்படில நின்னு வேணாம்.”

“சொல்றேங்க,” என்றேன். முகாமில் யாரும் இப்படி ஒரு திருத்தத்தை யோசித்திருக்க மாட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலும் யோசித்திருக்க மாட்டார்கள். வன்னியில் பிறந்த ஒரு கேள்வி எங்கள் ஊர் நல்ல நேரத்துக்குள் அப்படித்தான் தனக்கு ஓர் இடம் பிடித்தது. நான் அன்று அந்தச் சின்னப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கயல் படிப்பில் முதல் வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

வெளியே

பிள்ளைகள் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கயல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தாள். காலெல்லாம் மண்.

“மிஸ் திட்டினாங்களாம்மா?”

“இல்லடா.”

“நான் முகாமப் பத்தி யார்கிட்டயும் சொல்லலம்மா. நித்தின் கேட்டான், எங்க கத்துக்கிட்டன்னு. சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

இத்தனை நாளும் அவள் அதை இவ்வளவு கவனமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் குனிந்து அவள் காலில் இருந்த மண்ணைத் தட்டினேன்.

“நான் சொல்லிட்டேன், கயல்.”

“என்ன சொன்ன?”

“அப்பா ஊர் வன்னின்னு. தாத்தாதான் அந்தக் கேள்வியக் கேப்பாங்கன்னு. பெரியப்பாவப் பத்தி.”

“மிஸ்கிட்டயா?”

“எல்லார்கிட்டயும்.”

அவள் கண் விரிந்தது. “அப்ப நானும் சொல்லலாமா?”

“சொல்லலாம்.”

நான் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன், எப்படிச் சொல்ல வேண்டும், யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று. அதற்குள் அவள் திரும்பி ஓடிவிட்டாள். அவள் முதலில் எதைச் சொல்லப்போகிறாள் என்று கேட்க நானும் இரண்டு அடி பின்னால் போனேன். படகா, குண்டா, காணாமல் போன பெரியப்பாவா?

“டேய் நித்தின்! எங்கப்பா ஊர்ல கடல் இருக்கு!”

“போடி. இந்த ஊர்ல ஏது கடலு?”

“இந்த ஊர் இல்லடா. எங்கப்பா ஊரு வன்னி. வீட்லேர்ந்து நடந்தே போவலாம் கடலுக்கு. எங்க தாத்தா எறால் புடிப்பாரு, இவ்ளோ பெருசு!”

நித்தின் சுற்றுமுற்றும் பார்த்தான். பள்ளி மதிலுக்கு மேலே அண்ணாமலை வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவன் அதைக் கையால் காட்டினான். “எங்க ஊர்ல மலை இருக்கு.”

“அது எங்க ஊரும்தான்டா,” என்றாள் கயல். “எனக்கு ரெண்டும் இருக்கு.”

நித்தின் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், நமக்கு ஒன்றுதானா என்று கேட்பது போல.